இளவேனிலில் விதைக்காதீர்கள்

‘வசந்த காலத் தொடக்கத்தில் தக்காளி விதைகளை வீட்டுக்குள் விதைத்து, ஆறு முதல் எட்டு வாரங்கள் வளர்த்து, நல்ல வெயில் வந்ததும் வெளியில் நட வேண்டும்.’ வீட்டுத் தோட்டம் குறித்துத் தமிழில் இன்று எழுதப்படும், பேசப்படும் குறிப்புகளில் இவ்வகை வாக்கியம் சிறுசிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. இதில் இலக்கணப் பிழை இல்லை. சொற்களும் பெரும்பாலும் நம் சொற்களே. ஆயினும் சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ ஒருவர் இதை வரிக்கு வரி நம்பி நடந்தால், அவர் வீட்டுத் தக்காளிச் செடி பிழைத்து வளர்ந்தாலும் பூத்த பூவையெல்லாம் காம்போடு உதிர்த்துவிட்டு நிற்கும். அவர் தம் மண்ணை நொந்துகொள்வார். அதன்பின் தம் கைராசியை நொந்துகொள்வார். நொந்துகொள்ள வேண்டியது அந்த வாக்கியத்தை என்பது அவருக்குத் தோன்றாது.

இலக்கியம் பேசுகிற இடத்தில் கத்தரி நாற்றுக்கும் தக்காளி நாற்றுக்கும் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். மொழிபெயர்ப்பைப் பற்றி நாம் எவ்வளவு சண்டையிட்டிருக்கிறோம்! ஒரு லத்தீன் அமெரிக்க நாவலின் தமிழாக்கத்தில் ஒரு சொல் பிசகிவிட்டால் நான்கு இதழ்களில் கடிதப் போர் நடத்துகிறோம். அங்கே பிசகினால் வாசகனுக்கு ஒரு பத்தி புரியாமல் போகும், அவ்வளவே. தோட்டக் குறிப்பில் ஒரு சொல் பிசகினால் உயிருள்ள ஒன்று சாகிறது. மொழிபெயர்ப்பின் பிழையை இத்தனை வெளிப்படையாகக் காட்டித் தரும் வேறொரு துறை இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. ஆகவே இதை இங்கே பேசுவதே பொருத்தம் என்று கருதுகிறோம்.

பிசகின் மூலம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஸ்பிரிங்’ என்ற பருவத்துக்கு அகராதிகள் தரும் நேர்ச்சொற்கள் வசந்தமும் இளவேனிலும். தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது ஆறினையும் நம் வாசகர்கள் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள். கார் ஆவணியும் புரட்டாசியும், கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும், முன்பனி மார்கழியும் தையும், பின்பனி மாசியும் பங்குனியும், இளவேனில் சித்திரையும் வைகாசியும், முதுவேனில் ஆனியும் ஆடியும். இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ‘ஸ்பிரிங்கில் விதைக்கவும்’ என்பதை ‘இளவேனிலில் விதைக்கவும்’ என்று பெயர்த்துப் பாருங்கள். அகராதிப்படி சரி. தோட்டப்படி அது ஒரு கொலைக் குறிப்பு. ஏனெனில் நம் இளவேனிலுக்குள்தான் அக்கினி நட்சத்திரம் இருக்கிறது. மே மாதத் தொடக்கத்தில் புகுந்து அம்மாத இறுதியில் விலகும் அந்தக் கத்திரி வெயிலில் கத்தரி நாற்றுகூடக் கருகும். தக்காளி நாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

குளிர்நாட்டுத் தோட்டக்காரர் செய்வது மடமை என்று நாம் சொல்லவில்லை. அவர் தம் ஊரை நன்கு அறிந்தவர். அவருடைய கணக்கு முழுவதும் ஒரு நாளைச் சுற்றியே இருக்கிறது: கடைசி உறைபனி விழும் நாள். அந்த நாளுக்கு முன் தக்காளியை வெளியில் வைத்தால் ஒரே இரவில் செடி வெந்தது போலாகிவிடும். அந்த நாள் வரை காத்திருந்து விதைத்தாலோ, கோடை முடிந்து அடுத்த பனி வருவதற்குள் பழம் பழுக்காது. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர் கண்டுபிடித்த வழி, கடைசி உறைபனி நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரங்கள் பின்னோக்கி எண்ணி, விதையை வீட்டுக்குள் சன்னலோரத்தில் முளைக்க வைப்பது. அடியில் சூடேற்றும் பாய், மேலே செயற்கை விளக்கு ஆகியவையெல்லாம் அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்தவை. லண்டனில் நெடும்பகல் பதினாறரை மணி நேரத்துக்கு நீள்கிறது. குறும்பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. சென்னையிலோ நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் மட்டுமே. ஒளியும் வெப்பமும் ஆண்டில் சில மாதங்களே கிடைக்கும் ஊரில், காலத்தை முந்திக்கொள்வதற்காக நாற்று விடுகிறார்கள்.

நமக்கு முந்திக்கொள்ள வேண்டிய பனி எங்கே இருக்கிறது? நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது. அங்குள்ளவர்கள் இக்கட்டுரையை இவ்வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். சமவெளியில் தக்காளி விதை முளைப்பதற்கு உகந்த 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் திண்ணையிலேயே கிடைக்கிறது. ஆகவே இங்கே நாற்றங்காலின் நோக்கம் வேறு. நூறு விதையை ஓரடிச் சதுரத்தில் வைத்து வெயிலிலிருந்தும், அடைமழையிலிருந்தும், விதையைத் தூக்கிச் செல்லும் எறும்பிலிருந்தும் காப்பது ஒன்று. முளைத்தவற்றுள் தண்டு தடித்து, கணு நெருங்கி, இலை பச்சையாய் நிற்பவற்றை மட்டும் தெரிந்தெடுத்து நடுவது மற்றொன்று. அங்கே நாற்றங்கால் காலத்தை முந்துவதற்கான கருவி. இங்கே அது காப்பிடமும் தேர்விடமும். நோக்கம் மாறினால் செய்முறை மாற வேண்டுமல்லவா? மாறவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

அப்படியானால் நாம் எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது? இரவின் வெப்பத்திலிருந்து என்பதே நம் விடை. தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கமே பெரும் பகை. பகல் 32 பாகையைத் தாண்டி, இரவும் 24 பாகைக்கு மேலேயே நின்றுவிட்டால் மகரந்தம் வீரியம் இழக்கிறது. பூ கருவுறாமல் காம்போடு உதிர்கிறது. உரம் போட்டும், பஞ்சகவ்யம் தெளித்தும், புளித்த மோர் ஊற்றியும் இதைத் திருத்த முடியாது. சென்னையில் இரவு வெப்பம் 21, 22 பாகைக்கு இறங்குவது மார்கழி, தை மாதங்களில்தான். சித்திரை, வைகாசியில், எப்போதேனும் ஒரு கோடைமழை பெய்தாலொழிய, 26 பாகைக்குக் கீழே வருவது அரிது. எனவே தக்காளி பூக்க வேண்டிய காலம் முன்பனி. விதைத்த 25ஆம் நாள் வாக்கில் நாற்று தயாராகும். நட்டபின் பூ வர ஏறத்தாழ முப்பது நாள். மார்கழி பிறக்கும்போது பூக்க வேண்டுமானால் விதை ஐப்பசி முதல் வாரத்தில் மண்ணுக்குள் இருக்க வேண்டும். அதாவது கூதிரில் நாற்று, முன்பனியில் பூ, பின்பனியில் பழம். தொல்காப்பியரின் அட்டவணை தக்காளியை அறியாதது. ஆனாலும் அகராதி காட்டிய இளவேனிலைவிட அந்த அட்டவணையை மாதக் கணக்காகப் படித்திருந்தால் நமக்குத் தக்காளி கிடைத்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் சென்னைக் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அம்மாதங்களில்தான் கொட்டுகிறது. குளிர்நாட்டுக் கையேடு இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. சொல்ல அதற்குத் தேவையும் இல்லை. அந்த மழையில் திறந்த வெளியில் நாற்று விட்டால் நாற்றழுகல் நோய் வரும். முளைத்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர்கோத்து, நூலாய் மெலிந்து, நாற்று தரையில் சாய்ந்து கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் நோயுயிரிகளின் வேலை அது. அவற்றுக்கு வேண்டியவை மூன்று: தேங்கிய ஈரம், நெருக்கமான விதைப்பு, அசையாத காற்று. மூன்றையும் நாமே மறுக்கலாம். மழைநீர் படாத, ஆனால் காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் சார்ப்பு ஒன்று போதும். விதையை அள்ளித் தூவாமல் விரலிடை விட்டு வரிசையில் பாவ வேண்டும். பூவாளியால் காலையில் மட்டும் தெளிக்க வேண்டும். விதைக்குமுன் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை விதையோடு கலந்துகொள்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் நெடுநாள் பரிந்துரை. கிலோ விதைக்கு நான்கு கிராம் என்பது அளவு; வீட்டுத் தோட்டத்துப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

அடுத்து ‘வீட்டுக்குள்’ என்ற சொல்லுக்கு வருவோம். நகரத்து அடுக்ககங்களில் குழித்தட்டை வரவேற்பறை மேசைமேல் வைத்து வளர்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கையேடு அப்படித்தான் சொன்னதாம். முளைத்த இரண்டு நாளில் ஒளியைத் தேடிக் கழுத்தை நீட்டும் நாற்று, ஒரு வாரத்தில் வெளிறிய நூலாகிறது. அதைப் பார்த்து ‘வேகமாக வளர்கிறது’ என்று மகிழ்கிறவர்களும் உண்டு. அது வளர்ச்சியன்று, தவிப்பு. நம் ஊரில் நாற்று வளர வேண்டிய இடம் வெளியே, வேப்பமர நிழல் பாதியும் காலை வெயில் பாதியுமாக விழும் இடம்; அல்லது பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையின் அடி. கூரைக்குள் கொண்டுபோய்ச் சிறைவைக்க இங்கே அதற்கு எந்தப் பனியும் பகையாக நிற்கவில்லை.

‘முழு வெயில்’ என்பது மூன்றாவது பிசகு. குளிர்நாட்டில் வானத்தில் சாய்ந்து செல்லும் சூரியனின் எட்டு மணி நேர வெயிலும், நம் மொட்டைமாடியில் பங்குனி மாதத்து எட்டு மணி நேர வெயிலும் ஒன்றல்ல. மாடியில் கான்கிரீட் தளமும் சுவரும் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் திருப்பிக் கொடுக்கின்றன. கறுப்புப் பையில் இருக்கும் மண் வெயிலைக் குடித்து வேரை அவிக்கிறது. இலையைப் பார்த்து நீர் ஊற்றுகிறோம், வேர் வேகிறது. தரையில் விரித்த பையைச் செங்கல்மேல் தூக்கி வைப்பது, பைகளை நெருக்கி ஒன்றன் நிழல் மற்றொன்றில் விழச் செய்வது, மண்ணின்மேல் சருகு மூடாக்கு இடுவது ஆகிய மூன்றும் காசில்லாத வைத்தியங்கள்.

குளிர்நாட்டார் நாற்றை நடுமுன் ஒரு வாரம் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்து, குளிருக்கும் காற்றுக்கும் பழக்குகிறார்கள். அதை இங்கே ‘கடினப்படுத்துதல்’ என்று பெயர்த்து, அதே சடங்கைச் செய்கிறவர்களைக் காண்கிறோம். நாம் பழக்க வேண்டியது வெயிலுக்கும் நீர்ச்சிக்கனத்துக்கும். நடவுக்கு நான்கைந்து நாள் முன்பிருந்து நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நிழல்வலையை நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக விலக்கினால் தண்டு இறுகும். நடவுக்குச் சற்று முன் நன்றாக நனைத்துக்கொண்டால் வேரோடு மண் பிரியாமல் வரும்.

நடவு எப்போது? மாலையில். இதற்குச் சாத்திரம் வேண்டாம், காரணம் போதும். பிடுங்கும்போது நாற்றின் நுண்வேர்களில் பெரும்பகுதி அறுபடுகிறது. நீரை உறிஞ்சுபவை அவைதான். இலையோ வெயிலில் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். காலையில் நட்டால் வரவு நின்று செலவு ஓடுகிறது. மாலையில் நட்டால் ஓர் இரவு முழுதும் கணக்கைச் சரிசெய்துகொள்ள அதற்கு அவகாசம் கிடைக்கிறது. நட்டபின் மூன்று நாள் தென்னங்கீற்றையோ பூவரச இலையையோ குத்திவைத்து நிழல் தருவதும், மூன்றாம் நாள் மறுபடி நீர் விடுவதும் நம் உழவர் வழக்கம். அந்த மூன்றாம் நாள் நீருக்கு அவர்கள் இட்ட பெயர் உயிர்த்தண்ணீர். இந்தச் சொல்லுக்கு ஈடாக எந்தக் கையேட்டிலும் ஒரு சொல்லை நாம் கண்டதில்லை. நாற்று தன் கையிருப்பைத் தின்று முடித்து, புதுவேர் விட்டு மண்ணை முதன்முதலாகத் தொடும் நாள் அது. அன்று கிடைக்கும் நீர்தான் அதன் உயிர். சொல்லை அறிந்தவன் நாளை மறக்க மாட்டான். ‘நட்ட சில நாள்களில் போதிய ஈரப்பதத்தை உறுதிசெய்யவும்’ என்று எழுதுகிறவன் நாளையும் தொலைத்தான், உயிரையும் தொலைத்தான்.

சொற்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ‘விதைகளைத் தொடங்குங்கள்’ என்று எழுதுகிறார்கள். விதையை எப்படித் தொடங்குவது? நம்மிடம் நாற்று விடுதல் இருக்கிறது, பாவுதல் இருக்கிறது, முளைகட்டுதல் இருக்கிறது. நாற்றங்கால், மேட்டுப்பாத்தி, பதம், பட்டம், வேர்பிடித்தல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல் உண்டு. இவை அலங்காரச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கட்டளையைத் தன்னுள் வைத்திருக்கிறது. ‘பதம்’ என்றால் கையில் பிடித்தால் உருண்டு, விட்டால் உதிரும் ஈரம். ‘பட்டம்’ என்றால் விதைக்க வேண்டிய காலம் மட்டுமன்று, விதைக்கக் கூடாத காலமும் அதற்குள் அடக்கம். அதை ‘சீசன்’ என்று எழுதும்போது இந்த இரண்டாம் பாதி போய்விடுகிறது. அரசு அலுவலகங்கள் வழங்கும் ‘கரீப்’, ‘ராபி’ என்பவையும் அரபுச் சொற்கள்; இலையுதிர் காலத்தையும் வசந்தத்தையும் குறிப்பவை. தென்மேற்குப் பருவமழையை நம்பி வாழும் வட இந்தியாவுக்கு அவை பொருந்தலாம். ஐப்பசியில் மழை பெறும் நமக்கு அவை இரவல் சட்டை.

இவ்வளவு சொன்னதும் இன்னொரு கூட்டம் நம்மைத் தோளில் தூக்கிக்கொள்ள ஓடிவரும் என்பதை அறிவோம். ‘முன்னோர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று அவர்கள் முழங்குவார்கள். அவர்களிடமும் நமக்கு வழக்குண்டு. அந்தப் பழமொழி மழையை எதிர்நோக்கிய மானாவாரி நிலத்துக்குச் சொன்னது. அவரைக்கும் பூசணிக்கும் அது நன்றாகப் பொருந்தும். சென்னையின் நான்காவது மாடியில் ஆடி மாதத்தில் தக்காளி விதைத்தால், மேற்சொன்ன கணக்குப்படி பூ புரட்டாசி, ஐப்பசியில் வரும். அதாவது புழுக்கத்திலும் கொட்டும் மழையிலும். பழமொழியையும் இடம் பார்க்காமல் எடுத்தாண்டால் அது மற்றொரு வகை மொழிபெயர்ப்புப் பிழைதான். ஒன்று வெளிநாட்டிலிருந்து பெயர்த்தது, மற்றொன்று வேறொரு நிலத்திலிருந்து பெயர்த்தது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பதையும் இவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இந்த மண்ணின் பழங்குடி கத்தரிதான். வழுதுணை என்ற பழம்பெயர் அதற்கு உண்டு.

தக்காளி நாற்றுக்கு வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு நச்சுயிரியை முன்னோரின் எந்தக் கசாயமும் குணப்படுத்தாது. நாற்றுப் பருவத்திலேயே தொற்றிவிட்டால் அந்தச் செடியில் பழம் கிடைப்பது அரிது. நாற்றங்காலை நுண்கண் நைலான் வலையால் மூடுவதே வழி. அந்த வலை நம் பாட்டி காலத்தில் இல்லை. குழித்தட்டும் அப்படியே. பிடுங்கும்போது வேர் அறுபடாமல் எடுக்க உதவும் நல்ல கருவி அது. 2004இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டத்தில் நிழல்வலைக் கூடங்களில் குழித்தட்டு நாற்று வளர்க்கும் முறை உழவர்களிடம் சென்றது; இன்று ஊர்தோறும் நாற்றுப் பண்ணைகள் இருக்கின்றன. அதை வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளுவது அறிவுடைமை ஆகாது. நமது அளவுகோல் பழமையும் அன்று, புதுமையும் அன்று. இந்தச் செடி, இந்த ஊர், இந்த மாதம்.

தென்னைநார்க் கழிவின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகள் சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கும் கரிமண்ணில் நாற்று விடச் சொல்கின்றன. அந்தச் சதுப்புகள் அழிவது கண்டு, மாற்றாக அங்குள்ளவர்கள் வாங்குவது பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாய்க் கப்பலேறும் நம் நார்க்கழிவை. அதே பொருளை இங்கே ‘கோகோபீட்’ என்ற பெயரில் கடையில் வாங்குகிறோம். நார்க்கழிவு ஈரத்தைப் பிடிக்கும், உணவு தராது. கழுவாத கழிவில் உப்பு மிகுந்திருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழியாமல் அதில் விதைத்தால் முளை நுனி கருகும். தனி நார்க்கழிவில் வளர்ந்த நாற்று பத்து நாளில் மஞ்சளாவது பசியால். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றும் சமமாய்க் கலந்த பழைய கலவையில் ஒரு பங்கு நார்க்கழிவு சேர்த்தால் போதும். கட்டியின்மேல் ஒட்டிய வெளிநாட்டு மொழியைவிட, அதை ஊறவைத்த நீர் நிறம் தெளிகிறதா என்பது முக்கியம்.

இந்தத் தவறுகளின் கூட்டு விளைவு என்ன? இரண்டு முறை நாற்றுப் போட்டுத் தோற்றவர் மூன்றாம் முறை கடைக்குப் போகிறார். அங்கே ஆண்டு முழுதும் நாற்று கிடைக்கிறது. சித்திரையிலும் தக்காளி நாற்று கிடைக்கிறது. கடைக்குப் பட்டம் கிடையாது. தட்டிலேயே பூத்து நிற்கும் நாற்றைப் பார்த்து ‘இது சீக்கிரம் காய்க்கும்’ என்று வாங்குகிறார். அது வேர் சுருண்டு வயதேறிய நாற்று. 25 நாளில் நடவேண்டிய தக்காளியும், 30 முதல் 35 நாளில் நடவேண்டிய கத்தரியும், 40 முதல் 45 நாளில் நடவேண்டிய மிளகாயும் ஒரே வரிசையில் ஒரே உயரத்தில் நின்றால், ஏதோ ஒன்று பருவம் தப்பியது என்றே பொருள். பிடுங்கி நட்டால் வேர் பொறுக்காத வெண்டைக்கும் கொத்தவரைக்கும்கூட நாற்று விற்கும் இடங்கள் உண்டு. அவற்றையெல்லாம் நேரே குழியில் விதைப்பதே முறை. சுரை, பீர்க்கு, புடலை போன்ற கொடிகளைப் பையில் போட்டே தீர வேண்டுமென்றால் இரண்டிலைப் பருவம் தாண்டுமுன் நட்டுவிட வேண்டும்.

தோற்றவரின் தோல்வியில் அவர் பங்கு எவ்வளவு என்பதையும் யாரும் சொல்வதில்லை. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் வழி வந்த தரவரையறைப்படி, தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், மிளகாய்க்கு 60. அதாவது பத்து மிளகாய் விதையில் நான்கு முளைக்காவிட்டாலும் விதை தரமானதே. அதுவும் சோதனை நாளன்று இருந்த நிலை; வெப்பமான கடையில் மாதக்கணக்கில் தொங்கிய பொட்டலத்தின் நிலை வேறு. இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டால் கைராசி என்ற சொல் பாதி ஒழியும். 2013–14இல் தமிழ்நாடு அரசு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டப் பொருள்தொகுப்பு வழங்கத் தொடங்கியது. பையும் நார்க்கழிவும் விதையும் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நல்ல காரியம். ஆனால் பட்டத்தை எந்தப் பையிலும் போட்டுக் கொடுக்க முடியாது. அதை மொழிதான் கொடுக்க வேண்டும். மொழி கைவிட்டால், பை மாடியில் காய்ந்து கிடக்கும்.

நாம் அஞ்சுவது இதன் அடுத்த படியை. நாற்று விடத் தெரியாதவருக்கு விதை எதற்கு? விதை எதற்கு என்றானபின், எந்த விதை என்ற கேள்வியும் எழாது. கடை நாற்றில் பெரும்பகுதி வீரிய ஒட்டு இரகம். அதன் விதை மலடு என்று பரப்புவது பொய், முளைக்கும். ஆனால் அடுத்த தலைமுறை தாயைப் போலிராது, பண்புகள் சிதறிப் போகும். சந்தைக்கு விளைவிக்கும் உழவருக்கு ஒட்டு இரகம் பயன்படலாம்; அவர் கணக்கு வேறு. நான்கு செடி வைக்கும் நமக்கு, அடுத்த ஆண்டும் அதே செடி வரும் விதை வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 அப்படிப்பட்டது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக்கத்தரியும் இராமநாதபுரம் முண்டு மிளகாயும், ஆண்டுதோறும் யாரோ ஒருவர் நல்ல காயைப் பறிக்காமல் விதைக்கு விட்டதால் மட்டுமே இன்றும் இருக்கின்றன. உழவர் தம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் கொண்ட உரிமையை 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றிருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைச் செலுத்த வேண்டிய இடம் நாற்றங்கால்.

செய்முறை கடினமன்று. நன்கு பழுத்த தக்காளியின் விதைச்சாற்றை இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தலாம். கத்தரியைச் செடியிலேயே மஞ்சளாகும்வரை விட்டு எடுக்கலாம். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்பது. ஆகவே தூய்மை கெடாது. கத்தரியும் மிளகாயும் தேனீக்களால் கலப்பவை. இரண்டு வகையை அருகருகே வைத்தால் பூக்குமுன் ஒரு கிளையைத் துணிப்பையால் மூட வேண்டும். உலர்ந்த விதையைச் சாம்பல் கலந்து காற்றுப் புகாத புட்டியில் வைத்து, மேலே இரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதினால் அடுத்த கூதிருக்கு அது காத்திருக்கும்.

ஆகவே எழுதுகிறவர்களிடம் நாம் கேட்பது மிகச் சிறிது. தோட்டக் குறிப்பு எழுதும்போது ஊரின் பெயரை எழுதுங்கள். மாதத்தைத் தமிழ் மாதமாக எழுதுங்கள், அது எந்த மழைக்கு முன், எந்த வெயிலுக்குப் பின் என்று சேர்த்து எழுதுங்கள். நாற்றின் வயதை நாளில் எழுதுங்கள். நீங்கள் நட்டுப் பார்க்காத ஒன்றை மொழிபெயர்த்தீர்களானால், மூலத்தின் ஊரையும் குறிப்பிடுங்கள். வாசகர் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொள்வார். கோவைக்காரர் எழுதியது சென்னைக்குப் பொருந்தாது, சென்னைக்காரர் எழுதியது தேனிக்குப் பொருந்தாது. இக்கட்டுரையின் தக்காளிக் கணக்கும் சென்னைக் கடற்கரைக்கு உரியது. பிற ஊரார் தம் ஊரின் இரவு வெப்பத்தை வைத்துத் திருத்திக்கொள்ளட்டும்.

வாசிக்கிறவர்களிடம் கேட்பது இன்னும் சிறிது. சித்திரையில் கை துறுதுறுத்தால் வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் நேராக விதையுங்கள். அவை வெயிலுக்குப் பிறந்தவை. தக்காளி விதையைப் புட்டியிலேயே விட்டுவையுங்கள். ஐப்பசி பிறக்கட்டும்.